சுருங்கிப்போன நீலச் சட்டை

தையல்கார மகாராஜாவுக்கு,

சோற்றைக் குழைய வடித்து மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. உடம்பு லேசாகச் சுட்டாலும் உடனே எனக்கு போன் செய்யுங்கள். உங்கள் தம்பிக்குச் சளி. வந்தால் வாசலோடு பேசி அனுப்புங்கள்.

காலர் பட்டன் மாட்டவில்லை என்றதும், "சுடுதண்ணியில ஊறவச்சு என் பொண்டாட்டி சட்டையைச் சுருக்கிட்டா" என்று ஊரெல்லாம் தமுக்கடித்தீர்கள். ஊருக்கே அளவெடுப்பவருக்குச் சொந்தக் கழுத்து வீங்கியது தெரியவில்லை! ஊசியில் எடுத்தது போதாமல் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்த டாக்டர், "தைராய்டுல லிம்போமாங்கிற கேன்சர். ஆபரேஷன் வேண்டாம், மருந்துலயே கரைச்சிடலாம்" என்றபோதும் அவருடைய சட்டைத் தையலைத்தான் முறைத்துக்கொண்டிருந்தீர்கள். என்னிடம் மன்னிப்பு கேட்க மட்டும் இன்னும் வாய் வரவில்லை.

நாளைக்கு இரண்டாவது தடவை மருந்து ஏற்றப் போகும்போது அந்த நீலச் சட்டையைத்தான் போட வேண்டும். கதவில் மாட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சட்டையைச் சுருக்கியவள்

பி.கு.: நேற்று மதியம் நீங்கள் அசந்து தூங்கியபோது உங்கள் இன்ச் டேப்பாலேயே கழுத்தை அளந்து பார்த்துவிட்டேன். காலர் பட்டன் மாட்டும்.

டேப் கொஞ்சம் நனைந்துவிட்டது. அதையும் நான் சுருக்கிவிட்டேன் என்று கிளம்பிவிடாதீர்கள்.