கண்ணாடி இல்லாத படம்

நவம்பர் 4, செவ்வாய்

விடிய முதலே மழை. பொலிஸ் நிலையத்துக்குப் போக இருவருக்கும் ஒரே குடை. அம்மா பிடித்து வந்தா. என் இடது பக்கம் முழுக்க ஈரம்.

அக்கா சனிக்கிழமை காலை வேலைக்கென்று போனவள். சுன்னாகத்தில் மருந்துக்கடை. கடைக்கு அவள் வரவேயில்லையாம். போன் நிற்பாட்டிக் கிடக்கிறது. வேறொன்றும் தெரியாது. இதையே எல்லோருக்கும் சொல்கிறேன். சொல்லச் சொல்ல யாரோ ஒருத்தியின் கதை.

நிலையத்தில் படம் கேட்டார்கள். அம்மா எடுத்துக் கொடுத்தது ஸ்ரூடியோப் படம். சுவிஸ் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்தது. கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, முகத்தை வெளுப்பாக்கி, தாடையில் எண்ணெய் தெறித்த தழும்பை அழித்து.

"நிறம்?"

"பொது நிறம் ஐயா."

"அடையாளம் ஏதும்?"

"ஒரு குறையும் இல்லாத பிள்ளை."

கலியாணப் பேச்சில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். வெளியே வந்து கேட்டேன்.

"ஏனம்மா தழும்பைச் சொல்லேல்லை? கண்ணாடியைச் சொல்லேல்லை?"

"நாளைக்கு வந்திடுவாள். பிறகு அவளுக்கு ஒரு கலியாணம் நடக்க வேணுமெல்லே. ஊருக்கெல்லாம் குறையைச் சொல்லச் சொல்லுறியோ?"

திரும்பி உள்ளே போயிருக்கலாம். பஸ் வந்தது. ஏறினோம்.

அந்தப் படம் வீட்டுக்கு வந்த அன்று அக்கா கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "உவ ஆரப்பா? உவவுக்கே மாப்பிள்ளையைப் பாருங்கோ, நான் வேலைக்குப் போறன்." அம்மாவும் சிரித்தா. மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் பிடித்துவிட்டது. அக்கா போன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பொம்பிளை பார்க்க வருவதாக இருந்தது.

வாங்க வேண்டியது: போனுக்கு ரீலோட், அம்மாவின் தலையிடிக்குப் பனடோல், நுளம்புத்திரி.

5, புதன்

மழை விட்டு வெயில். யூடியூப்காரர் வந்தார்கள். என் வயதுதான் இருக்கும் இருவர். சட்டைக் கழுத்தில் செருகும் குட்டி மைக். அம்மா கேட்காமலே எல்லாம் சொன்னா, அழுதா. முடிந்ததும் ஒருவன்:

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. காத்துச் சத்தம் வந்திட்டுது. கடைசியாச் சொன்னதைத் திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ."

அம்மா திருப்பிச் சொன்னா. திருப்பி அழுதா. முதல் அழுகையைவிட ஒழுங்காக இருந்தது. நான் முற்றத்துக்குப் போய்விட்டேன்.

பின்னேரம் பார்த்தேன். "அழகிய யுவதி மாயம்! கதறும் தாய்!" அக்காவின் முகத்தை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கி, சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே சனம்:

இவ்வளவு வடிவான பிள்ளையைத் தனிய விடலாமோ.
ஆரோடையும் வெளிக்கிட்டிருக்கும்.
சுவிஸ் சம்பந்தமாம், அதுதான்.

பதில் எழுதினேன். அழித்தேன்.

6, வியாழன்

சித்தப்பா வள்ளம் இறக்கினார். பின்னால் இன்னும் நாலைந்து வள்ளம். ஒன்றிலும் வலை இல்லை.

"எங்க சித்தப்பா?"

"சும்மா. நீரோட்டம் பாக்க."

எங்கள் மயிலிட்டியில் வலை இல்லாமல் ஏன் வள்ளம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும். படியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. தலை நிமிரவேயில்லை.

மத்தியானம் திரும்பினார்கள். சித்தப்பா என்னைப் பார்த்து, கடலில் ஒன்றும் அகப்படவில்லையென்று தலையாட்டினார். சந்தோஷப்பட்டேன். இதற்கும் சந்தோஷம்.

படிக்க எடுத்த புத்தகம் அதே பக்கத்தில். பல்கலைக்கழகத்தில் ஒருவரின் இல்லாமையைப் பற்றி நீளக் கட்டுரை எழுதி நல்ல புள்ளி வாங்கினவன் நான். யன்னலில் அக்காவின் பழைய கண்ணாடி. ஒரு காலில் நூல் சுற்றியிருக்கிறது. போட்டுப் பார்த்தேன். எல்லாம் கலங்கல்.

7, வெள்ளி

அவள் வழமையாகப் போகும் தனியார் பஸ்ஸில் முன்பே விசாரித்தாயிற்று. சனிக்கிழமை ஏறவில்லை. இன்று அரசாங்க சீ.ரி.பி. பஸ் கொண்டக்டரைப் பிடித்தேன். போனில் படத்தைக் காட்டினேன்.

"உந்தப் படத்தைத்தான் தம்பி நாள் முழுக்கப் போனிலை போடுறாங்கள். இந்தப் பிள்ளை என்ரை பஸ்ஸிலை ஏறேல்லை."

"வடிவாப் பாருங்கோ அண்ணை."

"இப்பிடி ஒரு பிள்ளை ஏறினா மறப்பனே? அண்டைக்கு உங்கடை பக்கத்தாலை ஏறினது ஒண்டுதான். அது கறுத்த பிள்ளை. தடிச்ச கண்ணாடி. இதிலை ஒரு தழும்பு." தன் தாடையைத் தொட்டுக் காட்டினார்.

அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"அண்ணை, அதுதான் அக்கா."

போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பகிடி விடாதையும்."

பிறகு சொன்னார். சுன்னாகத்தில் இறங்கவில்லை. யாழ்ப்பாணம் மட்டும் வந்தாள். தனியத்தான். வவுனியா பஸ் எது என்று இவரிடம் கேட்டிருக்கிறாள். "கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்துக்கொண்டு நிண்டது, பாவம். முந்தியே வாய் திறந்திருப்பன் தம்பி. நான் வெள்ளைப் பிள்ளையையெல்லே தேடினனான்."

8, சனி

உண்மைப் படம் தேடினேன். எல்லாம் அவள் போனில், அவளோடு. கடைசியில் சிநேகிதி ஒருத்தியின் கலியாணப் படத்தில் ஓரமாக அக்கா. கண்ணாடி, தழும்பு, பாதி மூடிய கண், கையில் கேக். அவளேதான்.

பொலிஸ்: "முதலே சொல்லியிருக்கலாமே." வவுனியாவுக்கு அறிவிப்பார்களாம்.

யூடியூப்காரருக்கும் அனுப்பினேன். பதில்: "விளங்குது அண்ணை. ஆனா முதல் படத்துக்குத்தான் சனம் பாக்குது. இதைப் போட்டா ஒருத்தரும் திறக்க மாட்டினம். கடைசியிலை சின்னனாப் போட்டு விடுறன்." நல்ல பெடியன். பொய் சொல்லவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். அவ அக்காவின் முகத்தில் பெருவிரலை வைத்தா, போன் திரையில் படம் நகர்ந்துவிட்டது.

9, ஞாயிறு

மழை. அழைப்புகள். கொழும்பில் கண்டார்களாம். திருகோணமலையில் கண்டார்களாம். எல்லா இடத்திலும் ஸ்ரூடியோப் பிள்ளைதான்.

10, திங்கள்

காலை வவுனியாவிலிருந்து போனில் ஒரு பெண். "தம்பி, உங்கடை அக்கா இஞ்ச கோயில் வாசலிலை நிக்கிறா."

"வவுனியாவிலையோ?" கத்திவிட்டேன். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தா.

"அக்கா, அவ கண்ணாடி போட்டிருக்கிறாவோ?" போனில் அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"இல்லையப்பன். படத்திலை மாதிரியேதான். நல்ல வெள்ளை."

நன்றி சொல்லி வைத்தேன். அம்மாவுக்கு எப்படிச் சொல்வதென்று யோசித்து முடிப்பதற்குள் அவ சேலை மாற்றிவிட்டா. யன்னலில் இருந்த அக்காவின் பழைய கண்ணாடியைக் கைலேஞ்சியில் சுற்றிப் பைக்குள் வைக்கிறா.

"அம்மா, அது அவள் இல்லை. அந்த ஆள் கண்ணாடி போடேல்லையாம்."

"அப்ப உடைஞ்சிருக்கும். வெளிக்கிடு தம்பி. கண்ணாடி இல்லாம அவளுக்குப் பஸ்ஸின்ரை பேர் வாசிக்க ஏலாது."