பேர் சொல்லக் கொஞ்சம் நேரமாகும்

மார்ச் 4

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நீ, மருமகள், என் வாலுப் பேத்தி எல்லோரும் சுகம்தானே?

“போன் லைன் சரியில்லை, கொஞ்ச நாளைக்குக் கடிதமே போடுங்கள்” என்று எழுதியிருந்தாய். போடுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் என் பேனாவுக்குத் திக்குவாய் கிடையாது. பேத்தியின் குரலைக் கேட்டுத்தான் ரொம்ப நாளாகிறது. அஞ்சு வயசில் அவளைப் போலப் பாட்டுக் கட்டுகிற பிள்ளை உங்கள் தெருவில் யாராவது இருந்தால் காட்டு. லைனைச் சீக்கிரம் பார். எனக்கும் போனுக்கும் என்றைக்குமே ராசியில்லை. கேஸ் சிலிண்டர்காரருக்குப் போன் போட்டால் என் “ஹலோ” கிளம்புவதற்குள் “யாருமில்லப்பா” என்று வைத்துவிடுகிறார். முழுசாக ஒருத்தி இங்கே நிற்கிறேன், யாருமில்லையாம்!

ஒரு சேதி. கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. பதறாதே, சாட்சி சொல்லத்தான். எங்கள் தையல் கடைக்கு எதிரே சிக்னலில் ஸ்கூல் வேனும் ஒரு பைக்கும் மோதிக்கொண்டன. பைக்காரருக்குக் கை முறிந்துவிட்டது. வேன் டிரைவர் சிவப்பு விளக்கில் வந்தார் என்று வழக்கு. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்த்தேன். வேனுக்குப் பச்சை. பைக்தான் பாய்ந்து வந்தது. மாஸ்டர் துணி வெட்டக் குனிந்திருந்தார். ஆகப் பார்த்தது நான் ஒருத்திதான். நான் சொல்லாவிட்டால் அந்த வேன் டிரைவருக்கு லைசென்ஸும் போகும், வேலையும் போகும்.

மாஸ்டருக்குக் கேலி. “போயிட்டு வாங்கக்கா, ஆனா மத்தியானத்துக்குள்ள சொல்லி முடிச்சிருவீங்களா?”

“நீங்க ஒரு சட்டை தைக்கிற நேரம் ஆகாது” என்றேன். அதைச் சொல்லி முடிக்கத்தான் நேரமானது.

உன் அம்மா

*

மார்ச் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

கோர்ட்டுக்குப் போகாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். வக்கீல்கள் சும்மா விடமாட்டார்கள். நீங்கள் திக்கினால் பொய் என்பார்கள், ஊரே சிரிக்கும். சின்ன வயதில் கடையில் உங்களைப் பார்த்து யாராவது சிரித்தாலே எனக்கு அழுகை வரும். அதனால்தான் நீங்கள் ஆரம்பிக்கும்போதே நான் முடித்துவிடுவேன். இப்போதும் நானே லீவு போட்டு வருகிறேன். நீங்கள் எழுதிக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.

இன்னொன்று. லைன் நன்றாகத்தான் இருக்கிறது. பாப்பாவுக்கு இரண்டு மாதமாகப் பேச்சு திக்குகிறது. உங்களோடு போனில் பேசிப் பேசி அவளுக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று எனக்குப் பயம். சரியாகும்வரை போன் வேண்டாமே அம்மா. தப்பாக நினைக்காதீர்கள்.

உங்கள் மகன்

*

மார்ச் 20

மகனுக்கு அம்மா எழுதுவது.

போய்விட்டு வந்தேன்.

கூண்டில் ஏறியதும் பேர் கேட்டார்கள். உனக்குத்தான் தெரியுமே, என் பேர்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய மேடு. முதல் எழுத்திலேயே வண்டி நின்றுவிட்டது. டைப் அடிக்கிற பெண் விரலைத் தூக்கியபடி என் வாயையே பார்க்கிறாள். பின்பக்கம் யாரோ சிரித்தார்கள். பைக்காரரின் வக்கீல் காகிதத்தைப் பார்த்து என் பேரை அவரே படித்துவிட்டார். நல்ல மனசுதான், உன்னை மாதிரி.

“ஐயா, அது என் பேரு. நானே சொல்லிக்கிறேன்” என்றேன்.

நீதிபதியும் ஒரு பெண்பிள்ளை. “சொல்லட்டும்” என்று கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தார். சொன்னேன்.

பிறகு விஷயத்துக்கு வந்தோம். பார்த்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து “பச்சை” என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். கடையில் அந்தச் சொல் வராவிட்டால் “இலைக் கலர் நூல் குடுங்க” என்று நழுவிவிடுவேன். சிக்னலில் இலைக் கலர் விளக்கு எரிந்தது என்று கோர்ட்டில் சொன்னால் நன்றாகவா இருக்கும்? அதனால் அந்த இடத்திலேயே நின்றேன்.

வக்கீல் எழுந்துவிட்டார். “பாருங்கம்மா, முக்கியமான இடத்துல தடுமாறுறாங்க. நெஜமா பார்த்தவங்கன்னா டக்குனு சொல்லியிருப்பாங்க. பொய்க்குத்தான் இவ்வளவு நேரம் வேணும்.”

எனக்கு வந்ததே கோபம்! “ஐயா, என் பேருக்கும்தான் திக்கினேன். அப்ப என் பேரும் பொய்யா?”

கூட்டம் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறே. டைப் அடிக்கிற பெண் மெதுவாகக் கேட்டாள்: “இதையும் அடிக்கணுமாம்மா?” நீதிபதி, “ஒரு எழுத்து விடாம அடி” என்றார். வக்கீலுக்கே சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் குடித்துவிட்டுப் “பச்சை” என்றேன். திக்கியதை எல்லாம் இங்கே எழுதவில்லை, தாள் போதாது. தீர்ப்பு அடுத்த வாரம்.

இனி உன் சேதிக்கு வருகிறேன். திக்குவாய் சளியா, கம்பி வழியாக ஒட்டிக்கொள்ள? ஒட்டுமென்றால் என் இடுப்பிலேயே வளர்ந்தவன் நீ, உனக்கல்லவா முதலில் ஒட்டியிருக்க வேண்டும்? நீ வாயைத் திறந்தால் அடைமழை. ரத்தத்தில் வந்தது என்கிறாயா, வந்துவிட்டுப் போகட்டும். அவள் மூக்கும் என்னுடையதுதான், அதை என்ன செய்யப்போகிறாய்?

நீ என் பேச்சை முடித்துவைத்து நாம் என்ன கண்டோம்? நான் “சீ” என்றதும் நீ “சீனி” என்பாய். சீப்பு வாங்கப் போய்ச் சீனியோடு வருவோம். வீட்டில் சீனி குவிந்தது, என் தலை சிக்காகவே கிடந்தது.

போன் வேண்டாம் என்றால் வேண்டாம். அவளுக்கு நீ அப்பன். நான் கெஞ்சமாட்டேன். இந்தக் கடிதத்தை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டு.

அம்மா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

படித்துக் காட்டினேன். “என் பேரும் பொய்யா” என்ற இடத்தை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாள். “பாட்டிக்கும் என்ன மாதிரியாப்பா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏதோ பரிசு கிடைத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் ஷூ மாட்டும்போது ஏதோ சொல்லவந்து நின்றாள். பழக்கம் விடவில்லை, நான் முடித்துவைத்தேன். என் வாயைக் கையால் பொத்திவிட்டாள். “அப்பா, அது என் பேச்சு. நானே சொல்லிக்கிறேன்.” நேரம் ஆனது. ஸ்கூல் பஸ்ஸும் போய்விட்டது. அவள் சொல்லவந்தது நான் முடித்தது இல்லை அம்மா. இத்தனை நாள் எவ்வளவு சீனி வாங்கினேனோ!

நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். எடுத்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. வைத்துவிடாதீர்கள். அவள்தான்.

உங்கள் மகன்

*

ஏப்ரல் 7

அன்பு மகனுக்கு,

வேன் டிரைவர் மேல் தப்பில்லை என்று தீர்ப்பாகிவிட்டது. தினமும் கடையைத் தாண்டும்போது எனக்கென்று ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார். மாஸ்டர் திடுக்கிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே போடுகிறார், எனக்கு நல்ல பொழுதுபோக்கு. உனக்கு மன்னிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வேளைக்குச் சாப்பிடு.

நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமை போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். நானும் எடுத்தவுடன் பேசமாட்டேன். என் “ஹலோ” எப்போது கிளம்பும் என்று உனக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் சத்தம் இல்லையே, லைன் போய்விட்டதோ என்று நீ நடுவில் வந்து எட்டிப் பார்க்காதே.

நாங்கள் பேசிக்கொண்டிருப்போம்.

உன் அம்மா