நாய்க்கு எதற்குப் பூட்டு

மார்ச் 3, 2009
எங்கள் அமெரிக்க உள்நாட்டுப் போர் அருங்காட்சியகத்தின் ஏழாம் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து துடைத்தேன். மூன்று முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு வளையம். பக்கத்தில் அதன் சாவி. அட்டையில் நாற்பது வருடமாக அதே வரி: "வேட்டை நாயின் கழுத்துப்பட்டை. கல்பிரெத் குடும்பத்தார் அன்பளிப்பு."

நாய்க்கு எதற்குப் பூட்டு? பதினெட்டு வருடமாக இங்கே தூசி தட்டுகிறேன். அடிமைகளின் வழிவந்த கறுப்பச்சியான எனக்கே இன்றுதான் கேட்கத் தோன்றியது. வெட்கக்கேடு.

மார்ச் 4
அட்டையை மாற்றலாமா என்று இயக்குநர் வெண்டெலிடம் கேட்டேன். மிஸ் அகஸ்டா கல்பிரெத் மனம் நோகக்கூடாதாம். ஆதாரம் இருந்தால் பார்க்கலாமாம். எங்கள் கழுத்துக்கு ஆதாரம் வேண்டும். அவர்கள் நாய்க்கு வேண்டாம்.

மார்ச் 11
கிடைத்துவிட்டது! 1851ஆம் வருடத்து உள்ளூர்ச் செய்தித்தாள், கோவேறு கழுதை விற்பனை விளம்பரத்துக்குக் கீழே: "ஓடிவிட்டாள். வினி, வயது பதினாறு. கழுத்தில் பூட்டிய இரும்பு வளையம், ஒரு முனை ஒடிந்தது. ஜே. கல்பிரெத்."

ஓடு பெண்ணே, ஓடு என்று நூலகத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தேன். ஒரு முனை ஒடிந்துதான் இருக்கிறது.

மார்ச் 12
வளையத்தில் அரம் வைத்த தடமே இல்லை. சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறார்கள். சாவி யாரிடம் இருந்தது?

ஐயோ. நேற்று எதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன் நான்?

மார்ச் 20
வழக்கம்போல் எங்களுக்குக் கொடுக்க பீக்கன் கொட்டைப் பையோடு மிஸ் அகஸ்டா வந்தார். என்னைவிட நான்கு வயது சின்னவர். ஆனாலும் வெள்ளைக்காரர் என்பதால் அவர் எனக்கு மிஸ் அகஸ்டா, நான் அவருக்கு வெறும் லூவெல்லா. இந்த ஊர் அப்படி.

செய்தித்தாள் நகலை நீட்டினேன். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"அந்தப் பொண்ணு தப்பிச்சிருப்பா, இல்ல லூவெல்லா?"

ஆமாம் என்றிருந்தால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் வேலை முடிந்திருக்கும்.

"தப்பிச்சிருந்தா இது எப்படி உங்க வீட்டுப் பரண்ல கெடந்திருக்கும், அகஸ்டா?"

பையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். 'மிஸ்' விட்டுப்போனது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மார்ச் 21
பையை யாரும் தொடவில்லை.

ஏப்ரல் 4
அவரிடமிருந்து கடிதம். அட்டையை மாற்றிக்கொள்ளலாமாம், குடும்பப் பெயரை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம். வெண்டெல் சரி என்றுவிட்டார். எடுத்தேன். பக்கத்தில் விளம்பர நகலை வைத்தேன். அதில் அவர்களே போட்டுக்கொண்ட பெயர் இருக்கிறது.

புது அட்டை: "வினி. வயது பதினாறு. ஓடினாள். பிடிபட்டாள்."

கடைசிச் சொல்லுக்குக் கை வரவில்லை. எழுதினேன்.