வாய் திருப்பிய கல்

இன்று காலை மழை விட்டதும் வெள்ளைக்காட்டிலிருந்து அந்த வாசனை எழுந்தது. சுண்ணாம்பு அடித்த சுவரில் தண்ணீர் பட்டால் வருமே, மூக்கில் ஏறுகிற அதே வாசனை. உன் கறுப்பு ஆடு இப்போது என் ஆடுகளோடுதான் மேய்கிறது. அது ஓடைக்கரையில் கால் வைத்த இடத்தில் மண் சரிந்து ஒரு சுருட்டுக்கல் வெளியே வந்தது. நத்தை மாதிரி சுற்றிச் சுற்றி வந்து, ஓரத்தில் உடையாத வாய். நீ பார்த்திருந்தால் ஆட்டுக்கு முத்தம் கொடுத்திருப்பாய். நான் கல்லைத் துடைத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

ஆடு மேய்க்க ஆள் வேண்டும் என்று நம் இருவரையும் ஒரே கோடையில் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். நான் அழுதேன். நீ புத்தகப் பையைக் கவிழ்த்து உதறிவிட்டு, "நல்லதாப் போச்சு, இனிமே இதுல கல்லு பொறுக்கலாம்டி" என்றாய்.

பொறுக்கினோம். வெள்ளைக்காட்டில் மேடும் பள்ளமும் ஒன்றுபோலவே இருக்கும். வெயிலில் கண் கூசும், மழையில் எல்லாம் பால் மாதிரி கலங்கிவிடும். ஊர்க்காரர்களே வழி தவறுவார்கள். நீதான் அதற்கு ஒரு வழி கண்டாய். பாதை பிரியும் இடமெல்லாம் ஒரு சுருட்டுக்கல் பதித்தாய். கல்லின் வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஊர். கண் தெரியாவிட்டாலும் கையால் தடவினால் போதும். அதற்கு ஒரு பாட்டும் கட்டினாய்:

சுருட்டுக்கல்லு வாய் காட்டும்
சோறாக்குற வூட்டைக் காட்டும்
வாயத் தப்பி நடந்தாக்கா
பேயி வந்து மால போடும்

முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகும் பெண்களெல்லாம் இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே அந்தக் காட்டைக் கடந்தார்கள். வாய் உடைந்த கல் எதற்கும் உதவாது என்று தூக்கி எறிவாய். ஒருநாள் அப்படி ஒன்றை என் கையில் வைத்து, "இந்தா, உன்னாட்டமே ஒண்ணு. வாயில்லாக் கல்லு" என்றாய். அன்றிலிருந்து அதுதான் எனக்குப் பேர். யாராவது என்னிடம் வழி கேட்டால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கும் சேர்த்து நீ பேசுவாய்.

திருச்சியிலிருந்து சுத்தியலோடு வந்த காலேஜ் பையன்கள் நினைவிருக்கிறதா? அந்தக் கல்லெல்லாம் கடலில் இருந்த உயிர் என்றார்கள். நீ இடுப்பில் கை வைத்துச் சிரித்தாய். "கடலாம்ல! இங்க குடிக்கவே தண்ணியக் காணோம். போறப்ப அந்தக் கடல எங்க வூட்டுக் கொடத்துல ஊத்திட்டுப் போங்க சார்."

பிறகு கல் வெட்டக் குத்தகை எடுத்து அந்த ஆள் வந்தார். ஊரில் எல்லோரும் அவரைக் குத்தகைக்காரர் என்றே சொன்னார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். நாம் ஊர் திரும்பும் மேட்டுப்பாதை அவருடைய வண்டித்தடத்தை ஒட்டிப் போனது. ஆடும் ஆளும் குறுக்கே வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. உன்னை ஒருமுறை அதட்டினார். நீ விடவில்லை. "பாதை உங்களுக்கு முன்னாடியே இருக்குதுங்க. நீங்கதான் குறுக்க வந்துட்டீங்க."

அந்த ஐப்பசி மழை நாளில் நான் அம்மாவோடு பெரம்பலூர் சந்தையில் இருந்தேன். நீ ஆடுகளை ஊர் எல்லை வரை ஓட்டிவிட்டு, பின்தங்கிய ஒரு குட்டிக்காகத் திரும்பப் போயிருக்கிறாய். குட்டி தானாக வீடு வந்தது. உன்னை மறுநாள் பெரிய ஓடையில், சேற்றில் எடுத்தார்கள்.

எல்லோரும் உன் வீட்டில் கூடியிருந்தபோது நான் மட்டும் காட்டுக்குப் போனேன். மேட்டுப்பாதை பிரியும் இடத்தில் நீ பதித்த கல் இருந்தது. அதன் வாய் ஊரைப் பார்க்கவில்லை. ஓடையைப் பார்த்தது. சுற்றி இருந்த மண் புதிதாகக் கிளறிய மண். மழையில் குனிந்து அந்தக் கல்லை நீ தடவிப் பார்த்திருப்பாய். உன் கல்லையே நம்பி நடந்திருப்பாய்.

காரியம் முடிந்த பிறகு குத்தகைக்காரருடைய வண்டியோட்டி உன் அம்மாவின் காலில் விழுந்தான். "ஆளுங்க இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு அவருதான் கல்லத் திருப்பச் சொன்னாரும்மா. தண்ணி இப்படி வரும்னு நெனைக்கலியே" என்றான். உன் அம்மா பஞ்சாயத்தைக் கூட்டினார். அங்கே வண்டியோட்டி வாய் திறக்கவில்லை. குத்தகைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஆட்டுக்காரப் புள்ள. வழி தெரியாமப் போயிட்டா. அதுக்கு நான் என்னய்யா பண்ணுவேன்?"

வழி தெரியாமல். நீ!

அந்தச் சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உன் அம்மா சிறுவாச்சூருக்குப் போய்க் காளி முன்னால் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தார். நான் காளிக்காகக் காத்திருக்கவில்லை.

கெட்ட சாவு நடந்த இடத்தைக் கடக்கும்போது நம் ஊர்ப்பக்கத்தில் அங்கே ஒரு கல்லைப் போட்டுவிட்டுத்தான் நடப்பார்கள், ஆவி பின்னால் வராதிருக்க. ஓடைக்கரையில் உனக்கும் போட ஆரம்பித்தார்கள். உன் பாட்டைப் பாடியவர்களே உன்மேல் கல் போட்டார்கள். தினமும் ஆடு மேயும் நேரத்தில் அந்தக் கற்களைக் கூடையில் அள்ளி, குத்தகைக்காரரின் வண்டித்தடம் தொடங்கும் முக்கில் கொட்டினேன். ஓடைக்கரை வெறுமையானது. முக்கில் ஒரு மேடு எழுந்தது. கடலைக் காட்டில் களை எடுக்கும்போது உன் மெட்டில் என் சொல்லை மெதுவாக முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்தவள் காதில் விழுந்தது. அது போதுமே.

சுருட்டுக்கல்லத் திருப்புனவரே
சொந்த வூட்டுக்கு வழி எது
பொய்யி சொன்ன வாயிக்குள்ள
போட்டுட்டுப் போறோம் கல்லு இது

அறுவடைக்கு முன்பே கல் போடுகிற இடம் மாறிவிட்டது. பெண்கள் போட்டார்கள், பிறகு லாரிக்காரர்களும் என்ன ஏது என்று கேட்காமலே போட்டார்கள். குத்தகைக்காரரின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வண்டியை நிறுத்தி, "இது என்ன சாமிங்க?" என்று கேட்டார்களாம். "சாமியில்லங்க, வழி திருப்புனவரு மேடு" என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அவர்களுடைய வண்டிக்காரனும் இறங்கி ஒரு கல் போட்டுவிட்டுத்தான் மாட்டை ஓட்டினான். குத்தகைக்காரர் ஆள் வைத்து மேட்டை வாரி எறிந்தார். அது திரும்ப வளர்ந்தது.

கடைசியில் கடலைக் காட்டுக்கே வந்து என் முன்னால் நின்றார். "ஏ புள்ள, நீ ஆடு ஓட்டிட்டு அங்கதான திரியுற? யாரு வெக்கிறது அந்தக் கல்ல?"

நான் எழுந்தேன். இந்த முறை தலையைக் குனியவில்லை.

"வழி தெரியாதவங்க வெக்கிறாங்கங்க."

காடே சிரித்தது. அவர் முகம் அந்த வெள்ளை மண் மாதிரி ஆனது. "ஊமைக்கு வாய் வந்துருச்சா?" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். வாய் வந்துவிட்டதடி. நீ கேட்காமல் போனாய், அது ஒன்றுதான் குறை.

இப்போது அவர் இருமிக்கொண்டே கட்டிலில் கிடக்கிறார். பாவம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊரில் பாடையைப் பாதி வழியில் இறக்கி, திசை மாற்றித் தூக்குவார்கள், செத்தவருக்கு வீட்டு வழி மறந்துபோக. அவருக்கும் அந்த முக்கில்தான் இறக்குவார்கள். வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவர் கையால் தரையைத் தடவுவார்.

அதற்காகத்தான் இன்று கிடைத்த கல்லை யாரிடமும் காட்டவில்லை. மடியில் கனக்கிறது. அவர் பாடை வரும் அன்றைக்கு அதை மேட்டின் ஓரத்தில், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் பதிப்பேன். வாய் ஓடையைப் பார்த்து இருக்கும்.

அங்கே நீ இருப்பாய். அவர் வந்து சேர்ந்ததும், மரியாதையாகவே கேள்: "வழி தெரியாம வந்துட்டீங்களா?"