பிஸ்கட் டின்னில் பெய்த மழை

பிரிக்பீல்ட்ஸ்,
11-10-1932

அன்புள்ள என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, சீதாலெட்சுமி வணங்கி எழுதிக்கொள்வது.

நான் நலம். உங்கள் நலத்துக்குப் பதில் போடும்படி கேட்பதுதான் முறை. ஆனால் நீங்கள்தான் பதில் போடப் போவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டீர்களே. நேற்று வல்லிபுரம் ஐயா ரயில்வே ஆபீசிலிருந்து நேரே இங்கே வந்தார். பள்ளிக் கமிட்டிக் காரியதரிசி என்பதால் அவரைச் சுங்கை பூலோ ஆஸ்பத்திரிக்குள் விட்டார்களாம். 'பிள்ளை, வாத்தியார் உங்களைக் கப்பலேறி ஊருக்குப் போகச் சொல்லுறார், கடிதமும் வேண்டாமாம்' என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கக்கூட மறந்துவிட்டேன்.

உங்களுக்கு வந்திருப்பது குஷ்டம். நீங்கள் சொல்லக் கூசியதை நான் எழுதிவிட்டேன். எழுதியும் கை அப்படியேதான் இருக்கிறது. உறைமேல் உங்கள் பெயரையும் எழுத வேண்டியிருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் வாயால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறேன். உங்களைக் கூட்டிப்போன மறுநாள் இருபத்தேழு பிள்ளைகளில் நாலே பேர் வந்தார்கள். அந்த நாலு பேரும் வாத்தியார் தொட்ட பெஞ்சு என்று பயந்து நின்றுகொண்டே படித்தார்கள். முதலில் பிள்ளையை நிறுத்தியவர் செந்தூல் ரயில் பட்டறையில் டின் வேலை பார்க்கும் பக்கிரிசாமி. அவர் மகள் ரமணி உங்களுக்கு எவ்வளவு செல்லம்! வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறாள், கூப்பிட்டால் ஓடிவிடுகிறாள். டாக்டர் சொன்னபடி பெஞ்சு, பலகை, நீங்கள் மூங்கிலில் அங்குலம் செதுக்கிய அளவுகோல் எல்லாவற்றையும் கொதிக்கிற நீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். ஊராருக்கு அது போதவில்லை.

இன்ஸ்பெக்டர் துரை வருகிற மாதம் இரண்டாம் தேதி வருகிறார். இருபது பிள்ளைக்குக் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்களாம். மூடினால் நாம் இருக்கும் பின்னறையும் போகும். மறுநாள் மூன்றாம் தேதி போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல். கிள்ளானிலிருந்து இராமலிங்கம் அண்ணன் வந்து, உன்னை ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை என்கிறது. அதுவரை நீங்களே வகுப்பைப் பாருங்கோ, ஏழாவது படித்தவர்தானே என்கிறார் வல்லிபுரம் ஐயா. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கரும்பலகையை ஒரு நாளைக்கு எட்டுத் தடவை துடைக்கிறேன்.

முற்றத்தில் மழையளக்க நீங்கள் வைத்த பிஸ்கட் டின் அங்கேயே இருக்கிறது. இன்று மழை நோட்டைத் திறந்தேன். நீங்கள் போனதிலிருந்து மூன்று கட்டம் வெறுமையாய்க் கிடந்தது. மழை இல்லாவிட்டால் சுழி போடு, கட்டத்தை வெறுமையாய் விடாதே, விட்டால் அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம் என்று பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்துவீர்களே. எனக்குப் பிடிக்காத நோட்டுதான், உங்களுக்கு என்னைவிட அது பெரிது. இருந்தாலும் இன்றைய கட்டத்தில் நான் எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து கசக்கிறது என்று துப்ப வேண்டாம்.

சீதாலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்,
24-10-1932

அன்புள்ள உங்களுக்கு, மறுபடியும் சீதாலெட்சுமி.

வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

போன வாரம் ரமணி வேலிக்கு வந்தபோது நான் துரத்திப் பிடிக்கவில்லை. வகுப்புக்கு வர வேண்டாம், வீட்டு முற்றத்தில் ஒரு டின் வை, காலை எட்டு மணிக்கு எத்தனை விரற்கடைத் தண்ணீர் என்று வந்து சொல், நான் நோட்டில் எழுதுகிறேன் என்றேன். அன்று சாயங்காலமே அப்பனை நச்சரித்து ஒரு டின் அடித்து வாங்கிவிட்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டு இராஜம்மா மகன் வாசு ஒரு பால் டின் வைத்தான். நாலு நாளில் ரயில்வே லைன் வீடுகள் முழுக்க டின்தான். காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் பதினைந்து பேர் நின்று கத்துவதும் இந்தப் பக்கம் நான் எழுதுவதும் பாசார் சந்தைபோல இருந்தது.

ரமணி ஒரு கேள்வி கேட்டாள். பால் டின் ஒல்லி, எங்கள் டின் அகலம், இரண்டிலும் ஒரே அளவு நிற்கிறதே ஏன் என்றாள். எனக்குத் தெரியவில்லை. உங்களைக் கேட்டு எழுதுகிறேன் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பிறகு அவளே கண்டுபிடித்துவிட்டாள். அகல டின்னுக்குள் நிறைய மழை விழுந்தாலும் அது பரவி நிற்கவும் நிறைய இடம் இருக்கிறதாம். நேற்றுப் பேய்மழை. இன்று காலை ரமணி மூன்று விரற்கடை என்றாள், மற்றப் பிள்ளைகளும் மூன்று, மூன்றரை என்றார்கள். வாசு மட்டும் பத்து என்றான். அவன் அம்மா இராஜம்மா வாயைச் சும்மா வைத்திராமல், பக்கிரிசாமி அடித்த டின் ஒழுகுது, அதைப் பார்த்து மற்றதெல்லாம் பொய் சொல்லுது என்றாள். டின் வேலைக்காரனைப் பார்த்துச் சொல்லும் பேச்சா இது!

பக்கிரிசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் டின்னையும் இராஜம்மா டின்னையும் சிந்தாமல் தூக்கிக்கொண்டு நேரே வேலியைத் திறந்து பள்ளி முற்றத்துக்குள் வந்துவிட்டார். பின்னால் லைன் சனமெல்லாம். 'என்னா வாத்தியாரம்மா, நான் ஈயம் வெச்சு அடைச்ச டின்னு ஒழுகுதாம்! ஸ்கூல் டின்னுல பாத்துடலாம், கோல் எங்க?' என்று சத்தம். கோல் வழக்கமான இடத்தில் சுவரில் மாட்டியிருந்தது. அவரே எட்டி எடுத்தார். டின்களைச் சமமாக வைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கோலை வாயில் கவ்விக்கொண்டார்.

நீங்கள் செதுக்கிய கோல். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. கழுவியதுதான் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதற்காக நான் சும்மா நிற்கவில்லை. யாராவது ஒருவர் உங்கள் பொருளைப் பயமில்லாமல் தொட்டுப் பார்க்க மாட்டார்களா என்று எனக்கு ஆசையாக இருந்தது.

அளந்தார். பள்ளி டின்னில் ஒன்றரை அங்குலம். அவர் டின்னிலும் ஒன்றரை. இராஜம்மா டின்னில் ஐந்து! டின்னை எங்கே வைத்தாய் என்று வாசுவைக் கேட்டேன். தகரக் கூரை ஓரத்தில், தாரை விழுகிற இடத்திலேயே வைத்திருக்கிறான். ஒரே சிரிப்பு. இராஜம்மாவே சிரித்துவிட்டாள். அப்போதுதான் பக்கிரிசாமி மனைவி புஷ்பவல்லி அந்தக் கோலைப் பார்த்து, ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் கோலையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் சொன்னதையும் நான் கொதிநீரில் கழுவியதையும் சொன்னேன். 'வாயிலயே வெச்சாச்சு, இனிமே பெஞ்சுல உக்காந்தா என்னா?' என்றார். கோலைத் தன் வேட்டியிலேயே துடைத்து மாட்டிவிட்டுப் போனார். நாளைக்கு ரமணியை அனுப்புவாரா என்று தெரியவில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டது.

சீதாலெட்சுமி


பிரிக்பீல்ட்ஸ்,
5-11-1932

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதம் பிரிக்பீல்ட்ஸிலிருந்துதான் வருகிறது. கப்பல் முந்தாநாள் போய்விட்டது.

ரமணி மறுநாளே வந்தாள், பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். தீபாவளி மறுநாள் பதினான்கு பேர். பக்கிரிசாமியும் பட்டறை ஆட்களும் ஞாயிற்றுக்கிழமை வந்து டின்னுக்குச் செங்கல் மேடை கட்டினார்கள், கோழி தட்டிவிடாமல் சுற்றிக் கம்பி போட்டார்கள். வல்லிபுரம் ஐயா வீடு வீடாக ஏறினார். ஆனாலும் முதல் தேதி சாயங்காலம் பதினெட்டுப் பேர்தான். இராமலிங்கம் அண்ணன் என் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் துரை பத்து மணிக்கு வந்தார். அப்போதும் பதினெட்டு. அவர் ஆஜர் புத்தகத்தைத் திறக்கும்போது இராஜம்மா வாசுவின் காதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் பின்னால் லைனிலிருந்து இன்னும் நாலு பிள்ளைகள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு டின். மொத்தம் இருபத்து மூன்று! எனக்கு அவள் காலில் விழலாம்போல இருந்தது. அவளோ, எங்கூட்டு டின்ன இப்ப நடு முத்தத்துல வெச்சிருக்கேன், துரைகிட்ட சொல்லுங்க என்று ஒரே பிடிவாதம்.

துரை மழை நோட்டை நெடுநேரம் புரட்டினார். முன் பக்கங்கள் யார் எழுதியது என்று வல்லிபுரம் ஐயா மூலம் கேட்டார். எங்கள் வாத்தியார் என்று பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பெயர் என்ன என்றார். வல்லிபுரம் ஐயா என்னைப் பார்த்தார். வேலாயுதம் என்று நான் சொன்னேன். நன்றாகச் சத்தமாகத்தான் சொன்னேன். துரை அதைக் குறித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் நடக்கட்டும், வாத்தியார் வரும்வரை இந்த அம்மாளே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் கோபித்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டது. பெட்டியை அவிழ்த்துவிட்டேன். நீங்களும் கோபிக்கலாம். அரை மணி ரயில் தூரத்தில் இருப்பவரை விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போக என்னால் முடியாது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு காரியம். ரமணி நோட்டில் புதிதாகக் கோடு போட்டிருக்கிறாள். பிரிக்பீல்ட்ஸ் ஒரு பத்தி, அப்பன் வேலை பார்க்கும் செந்தூல் ஒரு பத்தி, சுங்கை பூலோ ஒரு பத்தி. மூன்றாவது பத்தி முழுக்க வெறுமையாய்க் கிடக்கிறது. தினமும் காலையில் அவள் அதைப் பார்க்கிறாள், பிறகு என் முகத்தைப் பார்க்கிறாள். பக்கிரிசாமி உங்களுக்கென்று ஒரு டின் அடித்துக் கொடுத்திருக்கிறார், ஒழுகாதாம். உங்கள் கோலையும் சேர்த்து வல்லிபுரம் ஐயாவிடம் அனுப்பியிருக்கிறேன். கடிதம் வழியாக வியாதி வரும் என்று பயப்பட வேண்டாம். அங்கிருந்து வரும் கடிதங்களை ஆவியில் காட்டித்தான் வெளியே விடுகிறார்கள் என்று அங்கே மருந்து கட்டும் டிரெஸ்ஸர் சொன்னாராம்.

உடம்பு எப்படி என்று எழுத வேண்டாம். எனக்கென்று ஒரு வரியும் வேண்டாம். தேதியும் மழையும் மட்டும் எழுதுங்கள். மழை பெய்யாத நாளில் சுழியாவது போடுங்கள். அந்தக் கட்டத்தை மட்டும் வெறுமையாய் விட்டுவிடாதீர்கள்.

உங்கள்
சீதாலெட்சுமி