தலை எரியுதுங்க, வாங்க

என் பாசத்துக்குரிய பாவா,

உங்கள் கடைசி விளம்பரத்தை நான் நிறுத்திவிட்டேன். சண்டைக்கு வருவீர்கள், தெரியும். முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள்.

அடிவாரத்துத் தொப்பிக்கடைக்காரர் விளம்பரம் கேட்டு வந்தபோது, "திருத்தணி வர்றவங்க போனுக்கெல்லாம் அனுப்பிடலாம் பாவா" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "எல்லார் காதுலயும் கத்தினா எவன் திரும்பிப் பாப்பான்? மொட்டை போட்டுகினு கீழ எறங்குறான். வெயிலு சுள்ளுனு ஏறுது. தலை எரியுதுன்னு போன்ல தேடுவான் பாரு, அப்ப நாம போயி நிக்கணும்."

தேடுகிறவர் போனில் விளம்பரம் காட்டும் மெஷினை எனக்கு ஓட்டத் தெரியும். மனுஷன் எந்த நேரத்தில் எதைத் தேடுவான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்ததால்தானே நம் தொழில் நின்றது?

விளம்பரத்தில் நடிக்க ஆள் சிக்கவில்லை என்று நீங்களே மொட்டை போட்டுக்கொண்டீர்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "தலை எரியுதாங்க? வெயிலு உங்க மண்டைய இப்பத்தான் பாக்குது, ஆசையா தடவிகினு கீது. வாங்க, தொப்பி கீது!" என்று வீடியோவில் கூவினீர்கள். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கடையை மொய்த்துவிட்டது.

அப்புறம் ஒருநாள் அரக்கோணம் ஸ்டேஷனில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா பாவா?

உங்கள் மகன் பாலுதான் கொள்ளி வைத்தான். மறுநாள், கொள்ளிக்கு மொட்டை போட்டபோது கத்தி கீறிய தலை எரிகிறது என்று மருந்து தேடியிருக்கிறான் போனில். நாம் சொல்லி வைத்தபடியே மெஷின் வேலை செய்தது. மொட்டைத் தலையோடு சிரித்துக்கொண்டு அவன் போனில் நீங்கள் வந்து நின்றீர்கள்.

போனைச் சுவரில் அடித்தான். "நைனாவ எரிச்சிட்டு வந்து ஒக்காந்துகினு கீறேன், என்கிட்டயே தொப்பி விக்கிறாரு சித்தி! நிறுத்துங்க அத!" என்று அலறினான். வேண்டுதல் மொட்டையும் சாவு மொட்டையும் மெஷினுக்கு ஒன்றுதான். நம் இரண்டு பேருக்குமா அது தோன்றாமல் போனது? அந்த நிமிடமே நிறுத்தினேன்.

இன்று உங்கள் காரியம் முடிந்தது. பந்தி எழுந்ததும் அக்காவைக் காணோம். பின்பக்கம் உட்கார்ந்து போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'தலை எரியுதுங்க, வாங்க' என்று இருந்தது.

"இப்டி தேடினா அவரு வந்தாருன்னு பாலு கத்தினானே. நானும் தெனமும் தேடிகினு கீறேன். எனக்கு மட்டும் ஏன்டி வரமாட்டேங்கிறாரு? மொட்டை இல்லன்னு தெரிஞ்சிடுதா?"

நான்தான் நிறுத்தினேன் என்பதை மறைத்து, "வீடியோ என்கிட்ட கீதுக்கா, அனுப்புறேன்" என்றேன்.

"வேணாம்டி. அது நானா போட்டுப் பாக்குறது. அவரா வரணும்."

நீங்கள் அவள் போனில் வந்து நிற்பது அவளுக்கு நல்லதா, மேலும் நோகடிப்பதா பாவா? கேட்க நீங்கள் இல்லை.

விளம்பரத்தை மறுபடி ஓடவிடப் போகிறேன். கடைப் பெயர் இருக்காது, தொப்பி இருக்காது, உங்கள் முகம் மட்டும். பாலு மருந்து தேடினால் வராது. 'தலை எரியுதுங்க, வாங்க' என்று எழுத்து மாறாமல் தட்டினால்தான் வரும். வலிக்கு மருந்து தேடுகிறவர்கள் யாரும் வலியைப் பார்த்து வாங்க என்று சொல்வதில்லை. உலகத்தில் ஒருத்திதான் சொல்கிறாள். எத்தனை நாள் ஆனாலும் மெஷினோடு போராடி இதைச் செய்து முடிப்பேன். சத்தியம்.

அவள் கூப்பிட்டால் வந்துவிடுங்கள்.

உங்கள் கொழுந்தியாள்,
சுமதி