ரொட்டிக்கு வரி வேண்டாம் என்றவர்

ஹார்ன்பெக், லிங்கன்ஷயர்
1905 டிசம்பர் 12

அன்பு மகன் ருபர்ட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கனடாவில் குளிர் கடுமை என்று எழுதியிருந்தாய். கம்பளிக் கையுறை அனுப்பியிருக்கிறேன்.

பத்திரிகையில் பார்ப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். வரும் பார்லிமெண்ட் தேர்தலில் உன் அப்பாவை மறுபடி நிறுத்துவதில்லை என்று ஊர் கன்சர்வேடிவ் கட்சிச் சங்கம் முடிவு செய்துவிட்டது. வெளிநாட்டுச் சரக்குக்கும் கோதுமைக்கும் வரி, கனடா போன்ற நம் சாம்ராஜ்ய நாடுகளின் கோதுமைக்குச் சலுகை என்ற திட்டத்தை அவர் ஏற்கவில்லை. அதுதான் குற்றம்.

சங்கத் தலைவர் கர்னல் டிரேக்காட் கூட்டத்தில், "உம்ம பையனே கனடாவுல கோதுமைதானே போடுறான்? பெத்த பிள்ளைக்கு வர்ற நல்லதையும் தடுப்பீரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா எழுந்து, "என் பையன் பிழைக்கறதுக்காக இந்த ஊர்க்காரன் ரொட்டிக்கு அதிகக் காசு குடுக்கணும்னா, அந்தப் பதவியே எனக்கு வேண்டாம்யா" என்றார்.

பூட்டுப் பட்டறை வைத்திருந்த மிஸ்டர் பைக் மட்டும் சிரிக்கவில்லை. "மலிவா ஜெர்மன் பூட்டு வந்து என் பட்டறையை மூட வச்சிடுச்சு. அதுக்கும் வரி வேண்டாமா?" என்றார். "உம்ம கஷ்டம் நிஜம்தான், அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லை" என்று அப்பா ஒப்புக்கொண்டார்.

முடிவு அறிவித்த பிறகு கர்னல் என் பக்கம் திரும்பி, "நீங்க வழக்கம்போல வீடு வீடாப் போய் ஓட்டுக் கேக்கணும், அம்மணி" என்றார். "கேக்கறேன். என் வீட்டுக்காரருக்கு" என்றேன். கட்சியும் இல்லாமல், கொடியும் இல்லாமல் அப்பா தனியாக நிற்கிறார். நேற்று மிஸ்டர் பைக் வீட்டில் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். மறுபடி தட்டினேன். நாளைக்கும் போய்த் தட்டுவேன்.

சலுகை வந்தால்தான் உன் பண்ணை தப்பிக்கும் என்று நீ எழுதியதை அப்பா படித்துவிட்டுத்தான் அந்தக் கூட்டத்துக்குப் போனார். அன்றிலிருந்து உன் பெயரை எடுத்தாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

நாங்கள் பின்வாங்கப் போவதில்லை. நீயும் உன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டாம், ருபர்ட். தேர்தலுக்கு முன்னால் அவருக்கு ஒரு தந்தி மட்டும் அடி. வாழ்த்துக்கூட வேண்டாம். 'அப்பா' என்று ஆரம்பித்தால் போதும்.

உன் நிலமும் நீயும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் அம்மா,
ஹெஸ்டர்